பச்சத்தண்ணி வேண்டாம் என்ற ஐந்து கார்கள்

பழைய கார் விற்கிறவர்கள் பொதுவாக எதற்கும் பயப்படுகிற ரகம் இல்லை. சாமி சத்தியம் என்பார்கள், பிள்ளை மேல் சத்தியம் என்பார்கள், அப்புறம் மீட்டரைத் திருப்பி வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள். அப்பேர்ப்பட்டவர்களே நடுங்கிய ஒரு மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் இருந்தார். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பள்ளங்கியில், ஒரு தகரக் கொட்டகையில், குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு இருந்தார். கோயமுத்தூரில் ஒரு வேகக் காருக்குப் பேரம் நடக்கும்போது, "மலைக்குக் கொண்டு போய்ப் பச்சத்தண்ணிகிட்ட ஒரு தடவை காட்டிடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே விலையைக் குறைப்பார்கள். மீதிப் பேருக்கு அவசரமாக வேறு ஊரில் வேலை வந்துவிடும்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. என் செல்போனிலேயே 'பச்சத்தண்ணி' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். காரணப் பெயர்தான். "இன்ஜின் பச்சத்தண்ணியா இருக்கணும்ங்க. சுட வச்சுக் கொண்டாந்து காட்டுனா எந்த இன்ஜினும் நல்லாத்தான் பேசும்" என்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு மகானுபாவர் இதைக் கேள்விப்பட்டு, பள்ளங்கி வளைவிலேயே வண்டியை நிறுத்தி, பானெட்டில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக் கொண்டுவந்தார். பச்சத்தண்ணி தொட்டுப் பார்த்தார். "ஏன் தம்பி, மேலுக்கு மட்டும் குளிப்பாட்டுனா எப்பிடி? உள்ள இருக்குறவன் கொதிக்கிறானே!" என்றார். தம்பி வந்த வழியே போய்விட்டார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்கிறேன். இரண்டாயிரம் பிறந்து மூன்று, நான்கு வருடம் இருக்கும். ஒரு வங்கியின் கொடைக்கானல் கிளைக்கு என்னை மாற்றினார்கள். "கொடைக்கானலா! குடுத்து வச்சவன்யா நீ" என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். மூன்று நாள் இருந்துவிட்டுப் போகிறவனுக்குத்தான் அது சொர்க்கம். மகளுக்கு மதுரையில் எட்டாம் வகுப்பு, அதனால் மனைவியும் அங்கே. நான் மட்டும் நாயுடுபுரத்தில் ஓர் அறையில். நாலு மணிக்கு மூடுபனி வந்து ஜன்னலை அடைத்துவிடும். அதற்கப்புறம் மறுநாள் வங்கி திறக்கும்வரை என்னிடம் பேச யாரும் இல்லை. ஏரியைச் சுற்றி நடக்கப் போனால் எல்லாம் தேன்நிலவு ஜோடிகள். ஒற்றையாக ஒருவன் வருவதைப் பார்த்ததும், "சார், ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று கேமராவை நீட்டுவார்கள். நூறு ஜோடியையாவது நான் படம் எடுத்திருப்பேன். ஒரு படத்திலும் நான் இல்லை.

பஸ் ஏறி வீட்டுக்குப் போகவேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சங்கடம். மலை இறங்குகிற பஸ்ஸில் ஏறினால் எனக்கு வாந்தி. பெருமாள்மலை தாண்டியதும் ஆரம்பித்தால் வத்தலக்குண்டு வரை ஜன்னலுக்கு வெளியேதான் என் தலை. மதுரையில் இறங்கும்போது என்னைப் பார்த்தால் வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்காது, ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூரா படுக்கை, திங்கட்கிழமை விடியுமுன் மறுபடி பஸ். ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்கு வாந்தி வராது என்று எங்கள் கிளையின் கடைநிலை ஊழியர் ஒரு நாள் சொன்னார். அந்த நொடியே முடிவு செய்தேன், கார் வாங்குவது. அதுவும் சாதாரணக் கார் இல்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கிளம்பினால் சாயங்காலக் காபிக்கு வீட்டில் நிறுத்துகிற கார். உண்மையைச் சொல்கிறேனே, எனக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு, தலையில் முன்பக்கம் காலி. அந்த வயதில் ஆண்பிள்ளைக்கு வருகிற வேகக் கார்ப் பைத்தியமும் கொஞ்சம் கலந்திருந்தது.

"புதுசு வாங்க உங்க சம்பளம் பத்தாது சார். பழசுதான். ஆனா பச்சத்தண்ணியக் கேக்காமத் தொட்றாதீங்க" என்றார் அதே ஊழியர். போனேன்.

பச்சத்தண்ணிக்கு என் வயதுதான் இருக்கும். நிபந்தனைகளைச் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் வண்டி அவர் கொட்டகைக்கு வந்துவிடவேண்டும். சாவி அவரிடம். விற்கிறவர் ஊருக்குள் லாட்ஜில் தங்கிக்கொள்ளலாம். ஆனால் வாங்குகிறவர் வண்டியோடு கொட்டகையிலேயே இருக்கவேண்டும். விடியற்காலை, இன்ஜின் பச்சத்தண்ணியாக இருக்கும்போது, அவர் முதல் சாவி திருப்புவார்.

"வாங்குறவன் எதுக்குங்க கூட இருக்கணும்?"

"பின்ன? விக்கிறவன் வெள்ளனே வந்து சுடவச்சுட்டுப் போயிட்டான்னா? சாட்சி வேணாமா?"

சரியாகத்தான் பட்டது.

முதல் கார் கோயமுத்தூரிலிருந்து வந்த சிவப்புக் கார். இரண்டு பக்கமும் தீ எரிகிற மாதிரி ஸ்டிக்கர். கொண்டுவந்த ஆள், "ஒரே கை ஓட்டம் சார். லேடி டாக்டர் வச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடுச்சு" என்றார். பச்சத்தண்ணி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். கால் பெடலுக்கு எட்டவில்லை.

"டாக்டரம்மா எத்தன அடி ஒசரம்ங்க? ஆறே கால் இருக்குமா?"

விற்கிறவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"ஆக்சிலேட்டர் ரப்பரு இம்புட்டுத் தேஞ்சு கெடக்கு. நோயாளி பொழைக்கட்டும்னு மிதிச்சாங்களா? மீட்டரு முப்பதாயிரம்ங்குது, சீட்டு ஒரு லட்சம்ங்குது. நான் சீட்டு சொல்றதத்தான் கேப்பேன்."

அப்புறம் தீ ஸ்டிக்கரை ஓர் ஓரத்தில் நகத்தால் உரித்தார். உள்ளே, இடிபட்ட பள்ளத்தைப் புட்டி பூசி மூடிய தகரம். என்னைப் பார்த்து, "வேணாம் சார்" என்றார்.

இரண்டாவது காரில் நாலு டயரும் நாலு கம்பெனி. "நாலு காலுக்கு நாலு செருப்பு போட்டு ஓட்டியிருக்கான். டயருக்கே கணக்குப் பாத்தவன் இன்ஜினுக்கு நல்ல ஆயிலா ஊத்தியிருப்பான்?" என்றார். ஆயில் மூடியைத் திறந்து திருப்பிக் காட்டினார். உள்பக்கம் தயிர் ஏடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. தண்ணீர் ஆயிலில் இறங்குகிறதாம். வேண்டாம்.

மூன்றாவது கார் இதையெல்லாம் தாண்டிவிட்டது. அதற்குத்தான் மலைச்சோதனை நடந்தது. விற்கிறவர் ஓட்டவேண்டும், நான் பக்கத்தில், வாந்திக்கு மடியில் ஒரு பையோடு. பச்சத்தண்ணி பின்சீட்டில் முழங்கால் போட்டு, பின்கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும். எதிரே வருகிற பஸ்ஸெல்லாம் வேகத்தைக் குறைத்து இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுப் போகும். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் வளைவு வளைவாக இறங்கச் சொல்வார். கீழே போனதும், "இப்ப மிதிங்க!" என்று கத்துவார். மிதித்தால் பின்னால், ஆயில் எரிகிற நீலப் புகை வருகிறதா என்று பார்ப்பார். "சமதரையில மறைச்சு வச்ச புகைய மலை வெளிய கொண்டாந்துரும் சார்." மூன்றாவது கார் விட்ட புகையில் பின்னால் வந்த பால் வேன்காரர் வண்டியை ஓரங்கட்டி, எங்களுக்குத் தீப்பிடித்துவிட்டதென்று தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார்.

நாலாவது காரில் மேடு ஏறும்போது இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. "கிளட்சு போச்சு. பந்தயத்துல ஓட்டுன வண்டி" என்றார். விற்கிறவர் சண்டைக்கு வந்தார். பச்சத்தண்ணி கதவு ரப்பரை உரித்து, பந்தயக் கார் கவிழ்ந்தால் நசுங்காமலிருக்க உள்ளே போடுகிற ரோல் கம்பி பொருத்திய ஓட்டைகளைக் காட்டினார். சண்டை முடிந்தது.

இப்படி ஒவ்வொரு காருக்கும் ஒரு சனிக்கிழமை. பாதி நேரம் விற்கிறவர்கள் சொன்ன வாரம் வராமல் அடுத்த வாரம் வருவார்கள், நான் காத்திருப்பேன். சனிக்கிழமைகளில் பச்சத்தண்ணி மலைப்பூண்டு போட்டு ஒரு குழம்பு வைப்பார். நான் சாப்பிட்ட நல்ல குழம்புகளில் அது ஒன்று. முதல் தடவை ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தார். இரண்டாவது தடவை கம்பளி இருந்தது. மூன்றாவது தடவை எனக்கென்று ஒரு தலையணை. நாலாவது தடவை போனபோது, நான் காபிக்குச் சர்க்கரை கம்மி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பேசுவார் பாருங்கள், வாரம் பூரா சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டுவார்.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஒரு தடவை கேட்டேன்.

"நாலு எடம் பாத்தேன் சார். கடைசியா வத்தலக்குண்டுல. நல்ல குடும்பம், பொண்ணும் லெச்சணமா இருந்துச்சு. காபி குடுத்தாங்க. செவுத்துல காலண்டர் மாட்டியிருந்தாங்க. யாராச்சும் காலண்டர இடுப்பு ஒசரத்துல மாட்டுவாங்களா சார்?"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"எந்திரிச்சுப் போயித் தூக்கிப் பாத்தேன். பின்னால கை போற அளவுக்கு வெடிப்பு. 'என்னங்க, அஸ்திவாரமே எறங்கியிருக்கே'ன்னேன். பொண்ணோட அப்பா என் செருப்ப எடுத்துத் தெருப் பக்கம் திருப்பி வச்சுட்டாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "பாத்துட்டுப் பேசாம இருந்திருக்கலாம். எனக்கு அது வரல சார்" என்றார். நான் சிரித்தது எனக்கே பிடிக்காமல் போயிற்று.

ஐந்தாவது கார் திண்டுக்கல் பல் டாக்டருடையது. இந்தத் தடவை டாக்டர் நிஜமாகவே டாக்டர். கருநீலம். பெரிய சைலன்சர் இல்லை, ஸ்டிக்கர் இல்லை, நாலு டயரும் ஒரே கம்பெனி. அது வந்த சனிக்கிழமைதான் என் மகளுக்குப் பள்ளி ஆண்டு விழா. டான்ஸ் ஆடுகிறாள். "நீ பஸ்லயே வாப்பா. நான் பாலிதீன் பை வாங்கி வைக்கிறேன்" என்று போனில் சொன்னாள். "இந்தக் கார் மட்டும் அமைஞ்சிட்டா இனி எல்லா சனிக்கிழமையும் வந்துடுவேன்டா" என்றேன். மனைவி போனை வாங்கி, "அந்த ஆளு காரு பாக்குறாரா, இல்ல நல்ல நாள் பாக்குறாரா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நான் மூன்று மாதமாக வீட்டுக்குப் போகவில்லை.

விடிந்ததும் பச்சத்தண்ணி சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு, பிடித்துக்கொண்டது. புகை இல்லை. சைலன்சருக்குள் விரலை விட்டுப் பார்த்தார், பிசுக்கு இல்லை. வண்டிக்கடியில் படுத்தார், எழுந்தார், மறுபடி படுத்தார். வத்தலக்குண்டு வரை பின்னால் திரும்பி உட்கார்ந்து வந்தார். மேலே ஏறும்போது டர்போ ஊதுகிற சத்தம் கேட்டு என் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. கொட்டகையில் இறங்கி மூன்று சுற்று சுற்றினார்.

"வேணாம் சார்."

"என்னண்ணே குத்தம்?"

"மனசுக்குப் படல."

மற்ற கார்களுக்கு ஏழு காரணம் சொன்னவர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாக்குக்கு அப்பீல் ஏது? டாக்டரை அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். எங்கள் கிளையின் வாடிக்கையாளர், ஏரிப் பக்கம் லாட்ஜ் வைத்திருப்பவர், வங்கி வாசலில் அதே கருநீலக் காரில் வந்து இறங்கினார். நான் வாசலுக்கு ஓடினேன்.

"இந்தக் காரையா வாங்குனீங்க? பச்சத்தண்ணிகிட்டக் காட்டலையா?"

"காட்டாம வாங்குவனா? கண்ண மூடிட்டு வாங்குங்க, சொக்கத் தங்கம்னாருல்ல!"

"ராத்திரி வண்டியோட நீங்க தங்குனீங்களா?"

"நான் எதுக்குங்க தங்கணும்? காலைல விட்டேன், மத்தியானம் பாத்துக் குடுத்துட்டாரு. நம்ம ஊரு குளிருக்கு மூணு மணி நேரத்துல இன்ஜின் ஆறிப்போயிரும்ல?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே பள்ளங்கி போனேன். அவர் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க சார், இன்னைக்கு வெள்ளனே வந்துட்டீங்க?" என்றார்.

"நீல வண்டி சொக்கத் தங்கமாமே? எனக்கு மட்டும் எப்படிண்ணே பித்தளை ஆச்சு?"

ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"என் மக டான்ஸ் ஆடுனா அண்ணே. நான் போகல. உங்க வார்த்தைய நம்பி இங்க உக்காந்திருந்தேன். எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

அவர் குல்லாயைக் கழற்றினார். அது நாள்வரை நான் பார்த்திராத தலை, அடர்த்தியாக, ஒரு நரை இல்லாமல். அந்தக் கோபத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"காரு வாங்கிட்டீங்கன்னா சனிக்கிழம நீங்க வரமாட்டீங்கள்ல சார்" என்றார்.

நான் திரும்பி நடந்தேன். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அங்கே போகவில்லை. மதுரைக்கும் போகவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று பொய் சொன்னேன். அறையில் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான சனிக்கிழமைகள் வந்ததில்லை. அவர் மேல் கோபம் ஒரு பக்கம், அவர் தனியாகக் குழம்பு வைத்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு ஒரு பக்கம்.

மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் வங்கியைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் ஒரு வெள்ளைக் கார். பக்கத்தில் பச்சத்தண்ணியும் கோயமுத்தூர்க்காரர் ஒருவரும். பச்சத்தண்ணி மலையை விட்டு இறங்கி, பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போய், விற்கிறவர் வீட்டு போர்டிகோவில் துண்டை விரித்துப் படுத்து, விடியக்காலையில் பார்த்த கார் அது.

"இத வாங்கிக்கங்க சார். ஒரு குத்தமும் இல்ல" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்துச் சொன்னார்.

வாங்கினேன். காகிதமெல்லாம் மாறி வண்டி என் கைக்கு வந்த சனிக்கிழமை, "பிரேக்கு சூடாகுதான்னு கடைசியா ஒரு தடவ பாத்துருவோம்" என்று வத்தலக்குண்டு வரை கூட வந்தார். எனக்கு வாந்தி வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தச் சொல்லி, "சரி சார், வீட்டுக்குப் பாத்துப் போங்க" என்று கதவைத் திறந்தார்.

"மதுரை வரைக்கும் வாங்கண்ணே. காபி குடிச்சிட்டு வரலாம்."

கொஞ்சம் யோசித்தார். "சமதரையில அறுபது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தாத் தேவலைதான்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம், கேஸ் டியூப்பை மோந்து பார்த்து வெடிப்பைக் கண்டுபிடித்தார். மகளின் சைக்கிளைத் தூக்கி, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, "பாப்பா, இதுல பிரேக்குனு ஒண்ணு இல்லவே இல்லயே!" என்றார். எனக்கு மானம் போயிற்று. என் மனைவிக்கோ ஒரே சந்தோஷம். "ஆறு மாசமாச் சொல்றேன் அண்ணே, இவரு காதுலயே போட்டுக்கல" என்று அவருக்கு இன்னொரு தோசை வைத்தாள். மகள் ஆண்டு விழாவில் ஆடிய டான்ஸை அவருக்காக மறுபடி ஆடிக் காட்டினாள். அப்படித்தான் நானும் அதைப் பார்த்தேன்.

அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமையும் வந்தார். ஒரு தடவை ஸ்டியரிங் லேசாக இழுக்கிறது என்றார், ஒரு தடவை டர்போ குழாயில் சந்தேகம் என்றார். நான்காவது சனிக்கிழமை கொட்டகை முன்னால் ஹாரன் அடித்தேன். வெளியே வந்து, பானெட்டைத் திறந்து, காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். மூடினார்.

"வண்டி நல்லாருக்கு சார். நீங்க வெரசாக் கெளம்புங்க."

"வாங்கண்ணே, சும்மாதான் வாங்களேன்."

"குத்தம் இல்லாத வண்டில எனக்கு என்ன சோலி? சும்மா வர எனக்குத் தெரியாது சார்."

எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. அன்றைக்குத் தனியாகத்தான் இறங்கினேன். பக்கத்து சீட் காலி. நான் வீட்டுக்குப் போகிறேன், எனக்கு மனைவி மகள் இருக்கிறார்கள், ஆனாலும் அந்த மலை இறங்கி முடிகிறவரை அழுகை வருகிற மாதிரி இருந்தது. கதவைத் திறந்த மனைவி என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அண்ணன் வரலையா?" என்றாள். சாப்பாட்டு மேஜையில் நாலு தட்டு வைத்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை கிளம்புமுன் ஒரு காரியம் செய்தேன். ஒரு காலி பவுடர் டப்பாவில் இரண்டு கூழாங்கற்களைப் போட்டு, முன் சீட்டுக்கு அடியில் உருட்டிவிட்டேன். கொட்டகை முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, வளைவுல திரும்புனா கடகடன்னு ஒரு சத்தம். என்னன்னு தெரியல. இந்தச் சத்தத்தோட தனியா மலை எறங்கப் பயமா இருக்கு."

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். ஓடிவந்தார். வண்டியை ஆட்டினார், கடகடவென்றது. பானெட்டைத் திறந்தார், சக்கரங்களைத் தட்டினார், அடியில் படுத்தார். கடைசியில் கதவைத் திறந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். கை ஓர் இடத்தில் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகக் கையை வெளியே எடுத்தார். வெறும் கை. பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"புடிபட மாட்டேங்குதே சார்" என்றார். "மதுர வரைக்கும் ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்." கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்து ஏறிக்கொண்டார்.

எனக்கு மதுரைக்கு மாற்றல் வருகிறவரை, சனிக்கிழமைதோறும் அந்தச் சத்தம் எங்களோடு மலை இறங்கியது. இரண்டு பேரில் ஒருவரும் அதைச் சரிசெய்யவில்லை.